ஆதர் சி. கிளார்க்: வன்னி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பகுதிகளின் வாசிப்பு வட்டங்களிலும் பாடசாலை நூலகங்களிலும் விஞ்ஞானப் புனைகதை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கிளார்க்கின் பெயர் வந்துவிடுகிறது. உயர்தர மாணவர்களும், அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவர்களும், பழைய வாசகர்கள் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

ஆதர் சி. கிளார்க் யார்?

ஆதர் சார்ள்ஸ் கிளார்க் 1917 டிசம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் சமர்செற் பகுதியிலுள்ள மைன்ஹெட் என்னும் கரையோர ஊரில் பிறந்தார். 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பில் காலமானார். தொண்ணூறு ஆண்டு வாழ்வில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் இலங்கையிலேயே குடியிருந்தார் என்பதைப் பலர் அறிவதில்லை. நாவல், சிறுகதை, கட்டுரை, கடலடிப் பயண நூல் என்று எழுதிக் குவித்தவர் என்றாலும், உலகம் அவரை இரண்டு காரியங்களுக்காக நினைவு கூர்கிறது: தரையிலிருந்து பார்ப்பவருக்கு வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும் புவிநிலைச் செய்மதி பற்றிய 1945ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, திரைப்படமாகவும் நாவலாகவும் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ மற்றொன்று. மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கலாம் என்பது இதை எழுதுபவரின் கருத்து. கற்பனையை அவிழ்த்துவிடுவதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அவருடைய கதைகளின் அடிநாதமாக இருக்கிறது. அவரைத் தனித்து நிற்க வைப்பதும் அதுவே.

அவருடைய இளமைக் காலம் எப்படிப்பட்டது?

வசதியான குடும்பம் அன்று. தந்தை தபால் திணைக்களத்தில் பொறியியல் வேலை பார்த்துவிட்டுக் கமத்துக்குத் திரும்பியவர். கிளார்க்குக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். பிள்ளைகளையும் கமத்தையும் தாய் தனியாகத் தாங்கினார். சிறுவன் ஆதர் புதைபடிவங்களைப் பொறுக்கினான், தானே செய்த தொலைநோக்கியால் சந்திரனைப் பார்த்துப் படம் வரைந்தான், அமெரிக்காவிலிருந்து மலிவு விலையில் வந்த விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளைத் தேடித் தேடி வாசித்தான். பல்கலைக்கழகம் போகப் பணம் இல்லாததால் 1936இல் லண்டனுக்குச் சென்று, அரச கல்விச் சபையில் ஓய்வூதியக் கணக்குகளைச் சரிபார்க்கும் எழுதுவினைஞரானார். வேலை முடிந்த பின் பிரித்தானிய கோள்களிடைச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போய், சந்திரனுக்கு றொக்கெற் அனுப்புவது பற்றி வாதாடினார். அக்காலத்தில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு.

இரண்டாம் உலகப் போரில் அரச விமானப் படையில் சேர்ந்த அவருக்குக் கிடைத்த பணி ராடார். மூடுபனியில் ஓடுபாதையைக் காண முடியாத விமானிக்குத் தரையிலிருந்து ராடார் பார்த்து வழிசொல்லி இறக்கும் முறையைச் சோதித்த குழுவில் அவர் இருந்தார். அந்த அனுபவத்தை வைத்து 1963இல் எழுதிய ‘கிளைட் பாத்’ ஒன்றே விஞ்ஞானப் புனைகதை அல்லாத அவருடைய நாவலாகும். போர் முடிந்த பின்னரே லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1948இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்புப் பட்டம் பெற்றார்.

செய்மதியைக் கண்டுபிடித்தவர் கிளார்க் என்று பாடசாலையில் சொல்கிறார்கள். அது சரியா?

அப்படியே எடுத்துக்கொண்டால் சரியன்று. பூமியின் சுழற்சியோடு ஒத்து நகரும் சுற்றுப்பாதை ஒன்று இருக்க முடியும் என்பதை ரஷ்யரான சியோல்கோவ்ஸ்கி போன்றோர் அவருக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அந்தப் பாதையில் நிற்கும் நிலையங்களைக் கொண்டு உலகம் முழுவதற்கும் வானொலியும் தொலைக்காட்சியும் அஞ்சல் செய்யலாம் என்பதை முழுத் திட்டமாக விளக்கியதே கிளார்க்கின் பங்களிப்பு. ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையின் 1945 ஒக்ரோபர் இதழில் அக்கட்டுரை வெளிவந்தது.

அவர் எந்தச் சிக்கலிலிருந்து தொடங்கினார் என்பது வன்னியின் பழைய வானொலி நேயர்களுக்குச் சட்டென்று விளங்கும். தொண்ணூறுகளில் இங்கு மின்சாரமும் இல்லை, மின்கலம் கொண்டுவரவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இழுத்த இரண்டு கம்பிகளை வானொலியின் வயிற்றில் பொருத்தி இரவுச் செய்தி கேட்டோம். சத்தம் தேய்ந்து போகும்போதெல்லாம் சுற்றுகிறவருக்கு ஏச்சு விழும். உண்மையில் பாதிக் குற்றம் அவருடையது அன்று. சிற்றலை ஒலிபரப்பு, வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற படையான அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்துத்தான் தொலைவிலிருந்து நம்மை வந்தடைகிறது. அந்த மண்டலம் நேரத்துக்கு நேரம் மாறுவதால் ஒலியும் ஏறி இறங்குகிறது. தொலைக்காட்சிக்கு வேண்டிய உயர் அதிர்வெண் அலைகளோ தெறிக்காமல் அதை ஊடுருவி வெளியே போய்விடும். அப்படியானால் வெளியே போகும் அலையைப் பிடித்துத் திருப்பி அனுப்ப அங்கேயே ஒரு நிலையம் வைத்தால் என்ன என்பதே கிளார்க்கின் வாதம்.

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் வட்டமாகச் சுற்றும் ஒரு பொருள் ஒரு சுற்றை முடிக்க 23 மணி 56 நிமிடம் எடுக்கும். பூமி தன் அச்சில் ஒரு முறை சுழல எடுக்கும் நேரமும் அதுவே ஆகையால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அப்பொருள் அசையாமல் நிற்பதாகவே படும். 120 பாகை இடைவெளியில் மூன்று நிலையங்கள் இருந்தால், துருவப் பகுதிகள் நீங்கலாக, உலகம் முழுவதையும் எட்டிவிடலாம். அவர் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. அக்காலத்து இலத்திரனியல் கருவிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை, அடிக்கடி எரிந்துபோகக்கூடியவை. ஆகவே அங்கே மனிதர்கள் தங்கிப் பழுது பார்க்க வேண்டியிருக்கும் என்று அவர் எண்ணினார். திரான்சிஸ்ரர் வந்ததும் அந்தத் தேவை இல்லாமற் போயிற்று. 1964இல் சின்கொம் 3 அந்தச் சுற்றுப்பாதையில் நிலைகொண்டது. 1965 ஏப்ரலில் ஏர்லி பேர்ட் என்னும் வணிகச் செய்மதி ஏவப்பட்டது. அப்பாதை இன்று கிளார்க் சுற்றுப்பாதை என்றும் அழைக்கப்படுகிறது.

காப்புரிமை எடுத்திருந்தால் பெரும் பணக்காரர் ஆகியிருப்பாரே?

ஆகியிருக்க மாட்டார். காப்புரிமை குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். வணிகச் செய்மதிகள் பெருகத் தொடங்கும்போது அது காலாவதியாகும் தறுவாயில் இருந்திருக்கும். தாம் இழந்த கோடிகளைப் பற்றி அவரே பின்னாளில் நகைச்சுவையாக ஒரு கட்டுரை எழுதினார்.

எங்கள் வீட்டுக் கூரையிலுள்ள டிஷ் ஏன் ஏறக்குறைய வானுச்சியை நோக்குகிறது? மாரியில் ஏன் படம் நிற்கிறது?

நாம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதே முதலாவதற்குக் காரணம். கிளிநொச்சி வட அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று மேலே உள்ளது. இந்தியத் தொலைக்காட்சிக்கான செய்மதிகளிற் பல நமது நெடுங்கோட்டை ஒட்டியே நிற்கின்றன. நமக்கு அவை வானுச்சியிலிருந்து ஏறத்தாழப் பதினொரு பாகை மட்டும் தெற்கே சரிந்து தெரியும். லண்டனில் இருப்பவருக்கு அதே சுற்றுப்பாதை அடிவானிலிருந்து முப்பது பாகை அளவுக்கே எழும்பும் என்பதால், அங்குள்ள டிஷ்கள் எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பவை போல நிமிர்ந்து நிற்கின்றன. நமது அலை மழைமுகிலைக் குறுக்காகக் கடக்கும் தூரம் குறைவுதான். ஆனாலும் கார்த்திகை, மார்கழியில் கொட்டும் மழையின் பெருந்துளிகள் 12 கிகாஹேர்ட்ஸ் அளவிலான அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுவதால், படம் முதலில் கட்டங்கட்டமாக உடைந்து பிறகு நின்றுபோகிறது. டிஷ்ஷைத் தட்டிப் பயனில்லை.

இரவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் நகர்ந்து போகும் ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன. அவை கிளார்க் சொன்ன செய்மதிகளா?

இல்லை. நகர்கிறது என்பதே அதற்குச் சான்று. கண்ணுக்குத் தெரிந்து நகர்பவை சில நூறு கிலோமீற்றர் உயரத்தில், ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுபவை. சர்வதேச விண்வெளி நிலையம் அவற்றில் மிகப் பிரகாசமானது. கிளார்க் சுற்றுப்பாதையில் உள்ளவை நகராமல் நிற்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாகவும் இருக்கும். சங்கிலி போல வரிசையாகப் போகும் புள்ளிகளைக் கண்டால், புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செய்மதிகளாக இருக்கலாம். கிளார்க் சுற்றுப்பாதைக்கு ஏறி இறங்க வானொலி அலைக்குக் கால் செக்கன் பிடிக்கிறது. தொலைபேசி உரையாடலில் அந்தத் தாமதம் இடறும். அதனால்தான் இணையத்துக்குத் தாழ்ந்த சுற்றுப்பாதைகளில் ஆயிரக்கணக்கில் செய்மதிகளை வைக்கிறார்கள். மூன்று போதும் என்ற கணக்கு ஒலிபரப்புக்கே பொருந்தியது.

அவர் ஏன் இலங்கைக்கு வந்தார்?

கடலுக்காக. 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைகளை நோக்கிக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கினார், 1956இல் குடியேறிவிட்டார். சுழியோடும்போது உடல் எடையற்று மிதப்பது, விண்வெளிக்குப் போகாமலே விண்வெளி வீரரின் நிலையை உணரத் தமக்குக் கிடைத்த வழி என்று அவர் கருதினார். நண்பர் மைக் வில்சனோடு சேர்ந்து தென்கரையிலும் கிழக்குக் கரையிலும் சுழியோடினார். 1961இல் தெற்கே பெரிய பாசுப் பாறைத் தொடரில் வில்சனின் குழுவினர் ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் நிறைந்த கப்பல் சிதைவைக் கண்டபோது, அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1962இல் போலியோ தாக்கிப் பெரிதும் முடக்கியது. எண்பதுகளில் அதன் பின்விளைவு திரும்பி வந்து, இறுதி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழிக்கச் செய்தது. அப்போதும் அவர் நாட்டைவிட்டுப் போகவில்லை. வரிச்சலுகையும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1975இல் அரசு அவருக்கு வதிவிட விருந்தினர் என்னும் தகுதியை வழங்கியது.

இந்தியாவின் ‘சைற்’ என்னும் செய்மதிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை 1975இல் தொடங்கியபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்பிலுள்ள அவருடைய வீட்டில் ஏற்பி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். நாட்டில் தொலைக்காட்சி நிலையம் எதுவும் இல்லாத காலம் அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் எழுதியதை அவர் தம் வீட்டிலேயே திரையில் பார்த்தார்.

கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கடலடியில் கண்டவர் அவர்தானா?

வன்னியில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. 1956இல் வில்சனும் கிளார்க்கும் திருகோணமலையில் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் சுழியோடியபோது, செதுக்கிய தூண்களையும் கட்டடக் கற்களையும் கடலடியில் கண்டார்கள். 1622இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் கற்கள் அவை. கிளார்க் அதை 1957இல் வெளிவந்த ‘த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்’ என்னும் நூலில் விவரித்திருக்கிறார். கற்கள் கடலுக்குள் விழுந்தன என்பது திருகோணமலைத் தமிழருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. ஆகவே ‘கண்டுபிடித்தார்’ என்று சொல்வதைவிட, நீரடியில் நேரிற் பார்த்து, உலக வாசகருக்கு எழுதிக் காட்டினார் என்பதே நியாயமாகும். பக்தராக அல்லாமல், எந்த மதத்தையும் ஏற்காதவராக எழுதியிருந்தாலும் அந்தப் பக்கங்களில் அலட்சியம் இல்லை. தமிழில் வரவேண்டிய பகுதி அது.

இலங்கையை வைத்து நாவல் எழுதியிருக்கிறாரா?

1957இன் ‘த டீப் ரேஞ்ச்’ நாவலில் இலங்கையின் பௌத்த துறவி ஒருவர் திமிங்கிலங்களைக் கொல்வதை நிறுத்தக் கோருகிறார். முழுக்க இத்தீவை மையமாகக் கொண்டது 1979இல் வெளிவந்த ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’. வனேவர் மோர்கன் என்னும் பொறியியலாளர் பூமியிலிருந்து புவிநிலைச் சுற்றுப்பாதைவரை ஒரு பாரந்தூக்கி கட்ட முயல்வதே கதை. கிளார்க் சுற்றுப்பாதையில் நிற்கும் நிலையத்திலிருந்து ஒரு வடத்தைக் கீழே இறக்க வேண்டும்; அதன் எடை நிலையத்தைக் கீழே இழுக்காதபடி எதிர்ப்பக்கமும் வடமும் எடையும் நீள வேண்டும்; அதன்பின் மின்சாரத்தால் ஏறி இறங்கலாம், றொக்கெற் தேவையில்லை. இந்த எண்ணமும் அவருடையது அன்று. ரஷ்யப் பொறியியலாளர் ஆர்சுதானோவ் 1960இல் இதை வெளியிட்டிருந்தார். உருக்குக் கம்பி இவ்வளவு நீளத்துக்குத் தன் எடையையே தாங்காது அறுந்துவிடும் என்பதால், நாவலில் வைரம் போன்ற காபன் இழை ஒன்று வருகிறது. அப்படிப்பட்ட வடத்தை இன்றுவரை எவராலும் செய்ய முடியவில்லை.

கீழ்முனை நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும். இலங்கையின் தென்முனையே கோட்டிலிருந்து அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் வடக்கே இருக்கிறது. கிளிநொச்சியோ ஆயிரத்துக்கும் சற்று மேல். ஆகவே கிளார்க் தீவையே தூக்கித் தெற்கே நகர்த்தி, அதற்குத் தப்ரபேன் என்று பழைய கிரேக்கப் பெயரைச் சூட்டினார். முன்னுரையிலேயே வாசகரிடம் அதைச் சொல்லியும் விட்டார். இன்னொரு கணக்கும் இதில் உண்டு. பூமி சரியான உருண்டை அல்லாததால், புவிநிலைச் சுற்றுப்பாதையில் விடப்பட்ட பொருள்கள் மெல்ல நகர்ந்து இரண்டு இடங்களை நாடிச் செல்லும். அவற்றில் ஒன்று கிழக்கு நெடுங்கோடு 75 பாகையில், நமக்குச் சற்றே மேற்கில் உள்ளது.

நாவலின் வரலாற்று அடுக்கு சிகிரியாவின் காசியப்பன் கதையிலிருந்தும், மலை உச்சியின் துறவிமடம் சிவனொளிபாதமலையிலிருந்தும் பெறப்பட்டவை. பொன்னிறப் பட்டாம்பூச்சிகள் உச்சியை எட்டினால் மடம் வீழும் என்ற ஐதிகத்தை, புயலொன்று அவற்றை அடித்துக்கொண்டுபோய் நிறைவேற்றிவைக்கும் அத்தியாயம் அவருடைய எழுத்திலேயே அழகானவற்றுள் ஒன்று. ஆனால், அவருடைய தீவு கொழும்பும் தென்கரையும் மலைநாடும் சிகிரியாவும்தான். காட்டையும் குளத்தையும் தேடும் வன்னி வாசகருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். வருந்தலாம், ஆனால் அவர் அறிந்ததை எழுதினார் என்பதற்கு மேல் குற்றம் சாட்ட இடமில்லை. இந்நாவலுக்கு விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ, நெபியுலா ஆகிய இரு விருதுகளும் கிடைத்தன.

‘2001’ முதலில் திரைப்படமா, நாவலா?

இரண்டும் சேர்ந்தே உருவாகின. 1948இல் எழுதிய ‘த சென்ரினல்’ என்னும் சிறுகதையை வித்தாகக் கொண்டு, இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக்கும் அவரும் 1964 முதல் வேலை செய்தார்கள். 1968இல் படமும், சில மாதங்களின் பின் நாவலும் வெளியாயின. படத்தில் விண்கப்பல் வியாழனுக்குப் போகிறது, நாவலில் சனிக்கு. படம் விளக்காமல் விட்டதை நாவல் விளக்கிவிடுகிறது. எது நல்லது என்பதில் நண்பர்களுக்குள் இன்றும் சண்டை. பொய் சொல்லும்படி பணிக்கப்பட்டதால் குழம்பிப்போகும் கப்பற்கணினி ஹால் இருவரிடமும் சிறப்பாகவே வந்திருக்கிறது.

அவருடைய எதிர்வுகூறல்கள் எல்லாம் பலித்தனவா?

இல்லை. 1964இல் பிபிசி தொலைக்காட்சியில் பேசியபோது, உலகின் எந்த மூலையிலிருந்தும் நண்பரோடு உடனே தொடர்புகொள்ளலாம், தலைநகரில் இருக்காமலே தொழில் நடத்தலாம் என்றார். கைத்தொலைபேசியோடு விசுவமடுவில் இருந்து வெளிநாட்டுக்குக் கணினி வேலை செய்யும் பிள்ளை அதற்குச் சாட்சி. நகரங்கள் தேவையற்றுப் போகும் என்ற அடுத்த கூற்றுத்தான் பிழைத்தது: கொழும்பு பஸ் இன்னும் நிறைந்தே போகிறது. அறிவூட்டப்பட்ட குரங்குகள் வீட்டுவேலை செய்யும் என்றும் அதே நிகழ்ச்சியில் சொன்னார்.

போரைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா?

2007 டிசம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளையொட்டிய செய்தியில், மூன்று ஆசைகளைக் கூறினார். வேற்றுலக உயிர்களுக்கான சான்று கிடைக்க வேண்டும். மனிதர் எண்ணெயைச் சார்ந்திருப்பதை விட்டுத் தூய சக்திக்கு மாற வேண்டும். இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். ஆசைப்படுவதால் மட்டும் சமாதானம் வந்துவிடாது, அதற்குக் கடின உழைப்பும் துணிவும் விடாமுயற்சியும் தேவை என்றும் சேர்த்துக்கொண்டார். மறு மாதமே போர்நிறுத்த உடன்படிக்கை முறையாக முடிவுக்கு வந்தது. அவர் மார்ச்சில் இறந்தபோது மடுச் சுற்றாடலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர் எந்தப் பக்கத்தையும் எடுத்துப் பேசியவர் அல்லர். அதை நிதானம் என்பாரும் உண்டு, போதாது என்பாரும் உண்டு. இங்கிருந்து வாசிப்பவருக்கு இரண்டாவது எண்ணம் தோன்றுவதைத் தவிர்க்க முடியாது.

2004இன் ஆழிப்பேரலையில் முல்லைத்தீவு ஆயிரக்கணக்கானோரை இழந்த அன்று, ஹிக்கடுவையில் இருந்த அவருடைய சுழியோடல் பாடசாலையும் அழிந்தது.

மதச்சடங்கு இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டார் என்பது உண்மையா?

உண்மை. எந்தச் சமயச் சடங்கும் கூடாதென்று எழுதிவைத்திருந்தார். கொழும்பின் பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் பெயரில் நாட்டில் என்ன இருக்கிறது?

1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். கட்டுபெத்தையில் அவர் பெயரில் இயங்கும் நவீன தொழில்நுட்ப நிறுவனம் 1984இல் அமைக்கப்பட்டது. ஜப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி அங்கே உள்ளது. வன்னிப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாப் பட்டியலில் மிருகக்காட்சிச்சாலைக்கு அடுத்ததாக அதையும் சேர்க்கலாம்.

எதை முதலில் வாசிப்பது?

‘2001’இல் தொடங்க வேண்டாம். இரண்டு சிறுகதைகளில் தொடங்குங்கள். ‘த நைன் பில்லியன் நேம்ஸ் ஒஃப் கோட்’ கதையில், கடவுளின் பெயர்கள் அனைத்தையும் எழுதி முடிக்கத் திபெத்தியத் துறவிகள் ஒரு கணினியை வாடகைக்கு எடுக்கிறார்கள்; ‘த ஸ்டார்’ கதையில், வெடித்து அழிந்த நட்சத்திரம் ஒன்றின் அருகில் இறைநம்பிக்கையுள்ள வானியலாளர் ஒருவர் தாங்க முடியாத ஒரு திகதியைக் கணக்கிட்டு அறிகிறார். இரண்டும் சில பக்கங்களே. உயர்தர ஆங்கிலம் போதும். அதன்பின் 1973இன் ‘ரொண்டேவூ வித் ராமா’. சூரிய மண்டலத்துக்குள் நுழையும் ஐம்பது கிலோமீற்றர் நீள உருளை ஒன்றுக்குள் மனிதர்கள் இறங்கிப் பார்க்கிறார்கள். பாத்திரங்கள் தட்டையானவர்கள்தான், ஆனால் உருளை சுழல்வதால் உள்ளே தோன்றும் ஈர்ப்பும், சுவரில் ஏறி வளைந்து நிற்கும் கடலும் பௌதிகம் படித்தவரைப் பென்சில் எடுக்க வைக்கும். ‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’ நாவலை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். பின்னாளில் பிறரோடு கூட்டாக எழுதிய தொடர்ச்சி நாவல்களை நேரம் மிஞ்சினால் மட்டும் பாருங்கள்.